முதல் வளைவும் மூன்று எண்களும்

ஆறு நாய்கள், 480 மீட்டர், இருபத்தெட்டு இருபத்தொன்பது வினாடி. பிரிட்டனில் ஒரு வழக்கமான கிரேஹவுண்ட் ஓட்டம் அவ்வளவுதான். எது ஜெயிக்கும் என்று கேட்டால் ஆறில் ஒன்றைச் சொல்லிவிடலாம். முதலில் எது, இரண்டாவது எது என்று கேட்டால் 30 விடைகள். முதல் மூன்றையும் வரிசை பிசகாமல் சொல்லச் சொன்னால் 120. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் எட்டு நாய்களை விடுவது வழக்கம். அங்கே மூன்று நாய் வரிசைகள் 336, நான்கு நாய் வரிசைகள் 1,680.

இந்த வரிசைகள் மேல் பணம் கட்டுவதைத்தான் மேற்கில் ‘எக்ஸாட்டிக்’ பந்தயம் என்கிறார்கள். இரண்டு நாயை வரிசையோடு சொன்னால் எக்ஸாக்டா. பிரிட்டனில் அதற்கு ஃபோர்காஸ்ட் என்று பெயர். எது முன், எது பின் என்ற கவலை இல்லாமல் இரண்டை மட்டும் சொன்னால் குனெல்லா. மூன்று என்றால் டிரைஃபெக்டா அல்லது டிரைகாஸ்ட், நான்கு என்றால் சூப்பர்ஃபெக்டா. கிண்டியில் குதிரைக்குப் பணம் கட்டிப் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அவர்கள் டனாலா என்று கட்டியது இந்த டிரைஃபெக்டாவைத்தான். ஜாக்பாட், தொடர்ந்து வரும் பல ஓட்டங்களின் வெற்றியைச் சேர்த்துச் சொல்லும் வகை.

இந்தப் பந்தயங்களைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: இது அறிவா, அதிர்ஷ்டமா? சட்டமன்றங்களும் நீதிமன்றங்களும் கேட்ட கேள்வி அது. பணம் கட்டுபவர்களும் தங்களுக்குள் அதைத்தான் கேட்டுக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருப்பதாக நான் நினைக்கிறேன். இவ்வளவு பெரிய பரிசைக் கொடுக்கவைக்கும் நிச்சயமின்மை எங்கே பிறக்கிறது? அதைத் தேடிப் போனால் ஓடுதடத்தில் ஓர் இடத்தில் போய் நிற்கிறோம். அந்த இடத்தில்தான் நாய்களின் கால் எலும்பும் முறிகிறது.

நாய்களை விட்டு முயலைத் துரத்தவைக்கும் வேட்டை பழையது. உயிருள்ள முயலுக்குப் பதிலாக இயந்திர முயலை ஓடவிட்டு, வட்டத் தடத்தில் பார்வையாளர் முன் நடத்தும் பந்தயம் 20-ஆம் நூற்றாண்டின் படைப்பு. அமெரிக்கரான ஓவன் பேட்ரிக் ஸ்மித் அந்த இயந்திரத்தை வடிவமைத்து, 1919-ல் கலிஃபோர்னியாவின் எமரிவில்லில் மைதானம் திறந்தார். 1926 ஜூலை 24 அன்று மான்செஸ்டரின் பெல் வூ மைதானத்தில் பிரிட்டனின் முதல் ஓட்டம் நடந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நகரத்துக்கு நகரம் மைதானங்கள் முளைத்தன. லண்டனில் மட்டும் ஒரு காலத்தில் 33 இருந்தன. குதிரைப் பந்தயம் பகலில், ஊருக்கு வெளியே, ஓய்வுள்ளவர்களுக்காக நடந்தது. நாய்ப் பந்தயம் இரவில், விளக்கொளியில், பேருந்து ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில், ஆலையிலிருந்து வீடு திரும்பும் தொழிலாளிக்காக நடந்தது. 1946-ல் பிரிட்டிஷ் நாய் மைதானங்களின் டோட் இயந்திரங்கள் வழியாக மட்டும் 19 கோடி பவுண்டுக்கு மேல் புழங்கியது.

டோட் என்பது எல்லோர் பணத்தையும் ஒரே பூலில் சேர்த்து, ஜெயித்த டிக்கெட்டுகளுக்குப் பங்கிடும் முறை. 1860-களில் பாரிஸில் ஜோசப் ஒல்லர் இதைக் கொண்டுவந்தார். பின்னாளில் மூலான் ரூஜ் அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். 1913-ல் நியூசிலாந்தின் எல்லர்ஸ்லீ குதிரைப் பந்தய மைதானத்தில் ஜார்ஜ் ஜூலியஸ் அமைத்த தானியங்கி இயந்திரம், மனிதர் கூட்டிப் பார்க்க முடியாத வேகத்தில் கணக்கை முடித்தது. ஃபுளோரிடா 1931-ல் பூல் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கியது. பிரிட்டன் 1934-ல் நாய் மைதானங்களில் டோட்டை அனுமதித்தது. வரிசைப் பந்தயம் பெருமளவில் விற்க இந்த இயந்திரம் அவசியம். ஒரு புக்கி ஆறு நாய்க்கு விலை சொல்லலாம். 120 வரிசைக்கும் விலை எழுதிக் கரும்பலகையில் போட முடியாது. பூலில் யாரும் விலை சொல்ல வேண்டியதில்லை, கட்டியவர்களின் பணமே விலையைச் சொல்லிவிடும்.

நாய்ப் பந்தயத்தில் வரிசைப் பந்தயம் குதிரையைவிட ஆழமாக வேர்விட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஆறே நாய்கள் ஓடும்போது வெற்றிக்குக் கிடைக்கும் தொகை சிறியது. ஃபேவரைட் ஜெயித்தால் கட்டியதைப்போல இரண்டு மூன்று மடங்கு கிடைத்தால் அதிகம். இரண்டு ஷில்லிங்கோடு வருகிறவருக்கு அது ஒரு மாலையின் கனவாகாது. அதே இரண்டு ஷில்லிங்கை ஃபோர்காஸ்டில் போட்டால் ஒரு வாரச் சம்பளம் வர வாய்ப்பு உண்டு. எட்டு நாய் ஓடும் அமெரிக்காவில் இது இன்னும் நீண்டது. 1980-களில் அங்கே பரவிய ‘ட்வின் டிரை’ பந்தயத்தில் ஓர் ஓட்டத்தின் முதல் மூன்றைச் சரியாகச் சொன்னவர் அந்த டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு இன்னோர் ஓட்டத்தின் முதல் மூன்றைச் சொல்ல வேண்டும். 336-ஐ 336-ஆல் பெருக்கினால் 1,12,896 வரிசைகள். யாருக்கும் விழாத நாளில் தொகை மறுநாளுக்குப் போகும், பூல் ஊதிக்கொண்டே இருக்கும்.

இதில் அறிவுக்கு இடமே இல்லை என்பவர்கள் ஒரு ரேஸ் கார்டைக் கூட ஊன்றிப் படித்ததில்லை என்பேன். ஒரு நாயின் கடைசி ஐந்தாறு ஓட்டங்களும் அதில் சுருக்கெழுத்தில் இருக்கும். விரித்துப் படித்தால் இப்படி வரும்: மெதுவாகக் கிளம்பியது, முதல் வளைவில் நெருக்குண்டது, கடைசி நீளத்தில் வேகமெடுத்து வந்தது, நான்காம் இடம். பக்கத்தில் முதல் முறை கோட்டைத் தாண்டிய நேரம், முடித்த நேரம், அன்றைய எடை, தடம் இளகியிருந்ததா இறுகியிருந்ததா என்ற திருத்தம். அடுத்த வரியில் இன்னொரு நாய்: சட்டென்று கிளம்பியது, உள்விளிம்பை ஒட்டி ஓடியது, மூன்றாம் வளைவு வரை முன்னால், பிறகு தளர்ந்தது. இரண்டும் நான்காம் இடத்தில் முடித்திருக்கலாம். ஆனால் இரண்டும் வேறுவேறு நாய்கள். முதலாவது வழி கிடைத்தால் இரண்டாம் இடத்துக்காவது வரும். இரண்டாவது, ஒன்று ஜெயிக்கும் அல்லது காணாமல் போகும். வெற்றிக்கு மட்டும் கட்டுபவருக்கு இந்த வேறுபாடு பாதிதான் பயன்படும். வரிசைக்குக் கட்டுபவருக்கு இதுவே மூலதனம்.

நாய்கள் கிளம்பும் டிராப் பெட்டியின் எண்ணும் அப்படித்தான். பிரிட்டனில் ஒன்றாம் பெட்டி சிவப்புச் சட்டை, இரண்டு நீலம், மூன்று வெள்ளை, நான்கு கறுப்பு, ஐந்து ஆரஞ்சு, ஆறு கறுப்பு வெள்ளைக் கோடு. அங்கே உள்விளிம்பை ஒட்டி ஓடும் நாய்க்கு உள்பெட்டியும், அகலமாக வளையும் நாய்க்கு வெளிப்பெட்டியும் மைதான மேலாளரே பார்த்துக் கொடுப்பார். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரும்பாலும் குலுக்கல்தான். உள்பக்கம் பாயும் பழக்கமுள்ள நாய்க்கு ஏழாம் பெட்டி விழுந்தால் அது முதல் வளைவில் ஆறு நாய்களைக் குறுக்கே வெட்டப் பார்க்கும். அதைப் படித்தறிகிறவர் அந்த நாயை மட்டும் ஒதுக்கமாட்டார். அதன் வழியில் மாட்டப்போகும் நாய்களையும் சேர்த்து ஒதுக்குவார்.

இந்தப் பழக்க அறிவைக் கணிதமும் தொட்டிருக்கிறது. 1973-ல் டேவிட் ஹார்வில் என்ற புள்ளியியலாளர் ஓர் எளிய சூத்திரம் தந்தார். ஒரு நாய் ஜெயிக்க நூற்றுக்கு 33 வாய்ப்பு, இன்னொன்றுக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். முதல் நாய் ஜெயித்துவிட்டதென்றால் மீதி 67-ல் இரண்டாவதின் பங்கு 20. ஆகவே இந்த இரண்டும் இதே வரிசையில் வர நூற்றுக்குப் பத்துக்குச் சற்றுக் குறைவான வாய்ப்பு. அழகான கணக்கு. குதிரைப் பந்தய முடிவுகளை வைத்து இதைச் சோதித்தவர்கள் ஒரு பிழையைக் கண்டார்கள்: ஃபேவரைட்டுக்கு இரண்டாம், மூன்றாம் இடத்தில் இது அதிக வாய்ப்புத் தந்துவிடுகிறது. ஜெயிக்கும் என்று எதிர்பார்த்த விலங்கு தோற்கும்போது ஏதோ ஒன்று நடந்துதான் தோற்கிறது. நாய்க்கு இது இன்னும் பொருந்தும் என்பது என் கணிப்பு. ஜாக்கி இல்லை, இடிபட்ட நாயைத் திருப்பி வழிக்குக் கொண்டுவர ஆளில்லை. அரை நிமிடத்தில் ஒரு தடுமாற்றத்தை ஈடுகட்டவும் நேரமில்லை.

ஆக அறிவு இருக்கிறது. அந்த அறிவுக்குக் கூலி கிடைக்கிறதா என்பது வேறு கணக்கு, அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

பூலில் சேரும் பணத்திலிருந்து மைதானத்தின் பங்கு, அரசு வரி, பரிசுத்தொகை எல்லாம் முதலிலேயே பிடித்துக்கொள்ளப்படும். அமெரிக்க மைதானங்களில் வெற்றிப் பந்தயத்துக்குச் சுமார் 17 முதல் 20 சதவீதம். வரிசைப் பந்தயத்துக்கு அதைவிட அதிகம், டிரைஃபெக்டாவில் 25, சில இடங்களில் 30 வரை. போதாததற்கு டிவிடெண்டை, அதாவது ஜெயித்த டிக்கெட்டுக்குக் கொடுக்கும் தொகையை, பத்து சென்ட்டுக்குக் கீழ்நோக்கி முழுமையாக்கி, சில்லறையையும் எடுத்துக்கொள்வார்கள். 25 சதவீதப் பிடித்தம் என்றால் என்ன என்பதை ஒரு மாலைக்கு நீட்டிப் பார்க்க வேண்டும். கூட்டத்தின் கையில் 100 டாலர் இருக்கிறது, கிடைத்ததை எல்லாம் அடுத்த ஓட்டத்தில் மறுபடி கட்டுகிறது என்றால், ஐந்து ஓட்டம் முடியும்போது மிஞ்சுவது 24 டாலர். எட்டு ஓட்டத்தில் 10. ஒரு மாலையில் பன்னிரண்டு, பதினைந்து ஓட்டங்கள் நடக்கும். மற்றவர்களைவிட ஐந்து பத்து சதவீதம் நன்றாகக் கணிக்கிறவர் திறமைசாலி. அவரும் இந்தப் பிடித்தத்துக்குக் கீழேதான் இருப்பார். சாதாரண ஆட்களைவிட மெதுவாகத் தோற்பார், அவ்வளவே.

வரிசைப் பந்தயத்துக்காக வாதாடுபவர்களிடம் ஒரு நியாயமான பதில் உண்டு. பல ஓட்டங்களைச் சேர்த்துக் கட்டும் பந்தயத்தில் பிடித்தம் ஒரே முறைதான். மூன்று ஓட்டங்களின் வெற்றியை, ஜெயித்ததை அப்படியே அடுத்ததில் போட்டுத் தனித்தனியாகக் கட்டினால் 17 சதவீதம் மூன்று முறை வெட்டப்பட்டு, மொத்தத்தில் 43 சதவீதம் போய்விடும். அதே மூன்றையும் ஒரே டிக்கெட்டில் 25 சதவீதப் பிடித்தத்தோடு கட்டினால் இழப்பு குறைவு. இந்த வாதம் சரி. ஆனால் இது தொடர் ஓட்டப் பந்தயத்துக்கு மட்டும் பொருந்தும். ஒரே அரை நிமிட ஓட்டத்தின் டிரைஃபெக்டாவுக்கு இந்தச் சலுகை கிடையாது.

‘பாக்ஸ்’ கட்டுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் முதலில் கற்பது அதைத்தான். நான்கு நாயைத் தேர்ந்து எந்த வரிசையில் வந்தாலும் சரி என்று டிரைஃபெக்டா பாக்ஸ் போட்டால் 24 டிக்கெட். ஐந்து நாய் என்றால் 60. பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் 24 வரிசையும் சமவாய்ப்பு உள்ளவை என்று ஒத்துக்கொண்டுதான் அதை வாங்குகிறோம். ரேஸ் கார்டைப் படித்துத் தெரிந்துகொண்டதையெல்லாம் டிக்கெட் ஜன்னலில் கைவிடுவதற்கு அது சமம். அனுபவசாலிகள் ஒரு நாயை முதலிடத்தில் நிறுத்தி, மூன்று நாய்களை அடுத்த இரண்டு இடங்களுக்குச் சுழற்றுவார்கள். ஆறு டிக்கெட்டோடு முடிந்தது.

சிறிய பூல் இன்னொரு தடை. ஒரு டிரைஃபெக்டா பூலில் 1,000 டாலர், 25 சதவீதம் போக 750. சரியான வரிசையில் உங்களுடைய 2 டாலர் டிக்கெட் ஒன்றும் வேறொருவருடையது ஒன்றும் இருந்தால் ஆளுக்கு 375. உங்களுக்கு உறுதியாகத் தெரியும், எனவே பத்து டிக்கெட் வாங்குகிறீர்கள் என்று வைப்போம். பூல் 1,018 ஆகும், பிடித்தம் போக 763.50, பதினொரு டிக்கெட்டுக்குப் பங்கிட்டால் உங்கள் கைக்கு வருவது சுமார் 694. பத்து மடங்கு கட்டியும் வரவு இரண்டு மடங்கைத் தொடவில்லை. கட்டுபவர் தன் அறிவின் மேல் எவ்வளவு நம்பிக்கை வைக்கிறாரோ அவ்வளவு தன் டிவிடெண்டைத் தானே குறைத்துக்கொள்கிறார்.

இந்த விதியைத் தலைகீழாகத் திருப்பியவர்கள் 1964 ஜூன் 30 அன்று லண்டனுக்குக் கிழக்கே டாகன்ஹாம் மைதானத்தில் கூடினார்கள். அப்போது ஊரெங்கும் பந்தயக் கடைகள் சட்டப்படி திறந்து மூன்றாண்டு ஆகியிருந்தது. மைதானத்தின் டோட் என்ன டிவிடெண்ட் அறிவிக்கிறதோ அதையே ஃபோர்காஸ்டுக்குக் கடைகளும் கொடுத்தன. நூற்றுக்கு மேற்பட்ட ஆட்கள் ஒரு பிற்பகல் ஓட்டத்துக்கு முன் டோட் ஜன்னல்களை அடைத்துக்கொண்டு நின்றார்கள். மற்றவர்களால் நெருங்க முடியவில்லை. அதே நேரத்தில் கூட்டாளிகள் நாட்டின் பல ஊர்க் கடைகளில் தங்களுக்கு வேண்டிய ஃபோர்காஸ்டைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓட்டம் முடிந்து டோட் அறிவித்த டிவிடெண்ட்: இரண்டு ஷில்லிங்குக்கு 987 பவுண்டு 11 ஷில்லிங் 9 பென்ஸ். ஆறு நாய் ஓட்டத்தில் 30-ல் ஒன்றான ஒரு விடைக்கு, கட்டியதைப்போல 9,875 மடங்கு. கடைக்காரர்களில் பெரும்பாலோர் கொடுக்க மறுத்தார்கள், விவகாரம் நீதிமன்றம் வரை போனது. பூல் சிறிதாக இருக்கும் இடத்தில் டிவிடெண்ட் என்பது நாய்களின் தரத்தைச் சொல்வதில்லை, ஜன்னலுக்கு யார் போக முடிந்தது என்பதைச் சொல்கிறது. இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. இன்று பிரிட்டனில் பெரும்பாலான ஃபோர்காஸ்டும் டிரைகாஸ்டும் பூல் மூலம் தீர்வதில்லை. நாய்களின் தொடக்க விலையை ஒரு கணினிச் சூத்திரத்தில் போட்டுத் தொகையைக் கணக்கிடுகிறார்கள்.

பணத்தைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு ஓடுதடத்துக்கு வருவோம். முயல் பெட்டிகளைத் தாண்டிச் சென்றதும் மூடிகள் ஒரே நேரத்தில் திறக்கும். சில எட்டுகளுக்குள் நாய்கள் மணிக்கு அறுபது கிலோமீட்டரைத் தாண்டிவிடும். எல்லா நாய்களும் ஒரே பொருளைப் பார்க்கின்றன. பல தடங்களில் அந்தப் பொருள் உள்விளிம்பை ஒட்டி ஓடுகிறது. எனவே அகலமாகக் கிளம்பிய கூட்டம் முதல் வளைவுக்குள் நுழையும்போது ஒரு நாய் அகலத்துக்குக் குறுகப் பார்க்கிறது. முதலில் போன நாய் தப்பிக்கும். பின்னால் வருபவை உரசும், ஒன்று விலகும், ஒன்று தடுக்கி விழும், விழுந்ததன் மேல் இன்னொன்று ஏறும். ரேஸ் கார்டில் மறுநாள் ‘முதல் வளைவில் நெருக்குண்டது’ என்று அச்சாவது இதுதான். நம்பிக்கையான மூன்று நாய்களில் இரண்டு இங்கே பின்தங்கி, யாரும் கட்டாத மூன்று எண்கள் முன்னால் வந்தால் டிவிடெண்ட் ஆயிரங்களைத் தொடும்.

நாய்கள் இடஞ்சுழியாக ஓடுவதால் வளைவில் வலது பின்னங்காலின் கணுப்பகுதி பெரும் விசையைத் தாங்குகிறது. ஓடும் கிரேஹவுண்டுகளிடம் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் முறிவு அந்தக் கணு எலும்புகளில்தான். ஆஸ்திரேலியாவில் நாய்ப் பந்தயத் துறையின் வேண்டுகோளின் பேரில் சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தடங்களின் வடிவமைப்பை ஆராய்ந்தது. வளைவுகளில் நாய்கள் நெருக்கியடிப்பதும் மோதுவதும்தான் காயங்களுக்கு முக்கியக் காரணம் என்று அது கண்டது. வளைவில்லாத நேர்த்தடங்களையும், எட்டுக்குப் பதில் ஆறு நாய்களையும் அது பரிந்துரைத்தது.

என் மனத்தை உறுத்துவது இந்த இடம். எட்டை ஆறாக்கினால் டிரைஃபெக்டா வரிசைகள் 336-லிருந்து 120 ஆகும், சூப்பர்ஃபெக்டா 1,680-லிருந்து 360 ஆகும். நேர்த்தடத்தில் ஓடவிட்டால் இடிபாடு குறையும், கார்டு சொன்னபடி முடிவு வரும் வாய்ப்புக் கூடும், டிவிடெண்ட் சுருங்கும். நாய்க்கு நல்லதாக எதைச் செய்தாலும் வரிசைப் பந்தயத்தின் கவர்ச்சி ஒரு படி இறங்குகிறது. இரண்டும் தற்செயலாக மோதிக்கொள்ளவில்லை. பெரிய டிவிடெண்டை உண்டாக்கும் குழப்பமும் எலும்பை முறிக்கும் குழப்பமும் பெரும்பாலும் ஒன்றே. பிரிட்டனின் நாய்ப் பந்தய வாரியமே வெளியிட்ட கணக்கின்படி 2024-ல் 3,809 காயங்கள், ஓடுதடத்தில் 123 சாவுகள். அதுவும் ஆறு நாய் ஓட்டங்களில், மேலாளர் பார்த்துப் பெட்டி ஒதுக்கும் நாட்டில்.

தீர்ப்பு ஒவ்வொரு நாடாக வந்துகொண்டிருக்கிறது. 2018 நவம்பரில் ஃபுளோரிடா வாக்காளர்களில் 69 சதவீதம் பேர் நாய்ப் பந்தயத்தை நிறுத்த ஒப்புதல் அளித்தார்கள். அப்போது அமெரிக்காவில் எஞ்சியிருந்த 17 மைதானங்களில் 11 அங்கேதான் இருந்தன. இப்போது அந்நாட்டில் ஓடுவது மேற்கு வர்ஜீனியாவின் இரண்டு மைதானங்களில் மட்டும், அதுவும் சூதாட்ட விடுதிகளின் வருமானத்தில். மக்காவ் நகரின் கனிட்ரோம் மைதானம் 2018 ஜூலையில் மூடியபோது ஐந்நூறுக்கு மேற்பட்ட நாய்கள் கேட்பாரற்று நின்றன. விலங்கு நல ஆர்வலர்கள் அவற்றுக்கு வீடு தேடினார்கள். நியூசிலாந்து 2024 டிசம்பரிலும் வேல்ஸ் 2025 பிப்ரவரியிலும் தடை அறிவித்தன. லண்டனின் 33 மைதானங்களில் வால்தம்ஸ்டோ 2008-ல் போனது, விம்பிள்டன் 2017-ல், கிரேஃபோர்டு 2025 ஜனவரியில். ரோம்ஃபோர்டு மட்டும் ஓடுகிறது.

மூடுவதால் வேலை இழக்கும் பயிற்சியாளர்கள், கொட்டில் பணியாளர்கள் பலர் நாய்களோடு வாழ்நாளைக் கழித்தவர்கள், நாய்களை நேசிப்பவர்கள். அவர்களுடைய இழப்பை அரசுகள் பணத்தாலும் பயிற்சியாலும் ஈடுகட்ட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நாய்கள் இல்லாவிட்டால் பணம் கட்டுபவர்களின் இன்பம் பறிபோகும் என்ற வாதத்தை ஏற்க முடியவில்லை. பிரிட்டனின் பந்தயக் கடைகளில் பல ஆண்டுகளாகக் கணினி வரைந்த நாய்கள் திரையில் ஓடுகின்றன. ஆறு சட்டை, ஆறு நிறம், சில நிமிடங்களுக்கு ஓர் ஓட்டம். அதற்கும் ஃபோர்காஸ்ட் உண்டு, டிரைகாஸ்ட் உண்டு, வாங்க ஆளும் உண்டு. அங்கே படிக்கக் கடந்தகால ஓட்டம் இல்லை, தடத்தின் ஈரம் இல்லை, முடிவைக் குருட்டாம்போக்கில் எண் எடுக்கும் ஒரு நிரல் தீர்மானிக்கிறது. கார்டை ஊன்றிப் படிக்கும் அந்தச் சிலருக்கு அது ஈடாகாது; அவர்கள் இழப்பது உண்மையான ஒன்றை. மூன்று எண்ணும் ஒரு பெரிய தொகையும் தேடி வரும் மற்றவர்களுக்கு வேண்டியது அந்தத் திரையிலேயே கிடைக்கிறது, அதற்காக எந்தக் கணுக்காலும் முறிவதில்லை.